இரட்டைக் குழலா, ஒற்றைக் குழலா: குறி தவறிய துப்பாக்கி காட்டிய வழி

பதினோரு ஆண்டுகள் வைத்திருந்த 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியைச் சென்ற ஆண்டு கைமாற்றிவிட்டு, ஒற்றைக் குழலுக்கு மாறினேன். வேட்டைக்குப் போகும் உறவினர்கள் பலர், இருந்ததை விட்டுவிட்டு அதில் பாதியை வாங்கியிருக்கிறாயே என்று இன்றும் கேலி பேசுகிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் செம்பனை நட்டிருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நட்டு ஓராண்டுகூட ஆகாத கன்றைச் சாய்த்து, குருத்தை மட்டும் தின்றுவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விடும். இதற்காகவே உரிமம் பெற்று வைத்திருந்த துப்பாக்கி, பல பெரிய குண்டுகள் அடங்கிய எஸ்ஜி தோட்டா போட்டால் ஒழுங்காகவும், ஒற்றைக் குண்டுத் தோட்டாவான ஸ்லக் போட்டால் தன் விருப்பம்போலவும் சுட்டது. ஒரு நாள் 40 மீட்டரில் நின்ற பன்றி சுருண்டு விழும்; மறுவாரம் அதே தூரத்தில், அதே அளவு பன்றிக்குப் பக்கத்திலிருந்த மட்டையில் ஓட்டை விழும்.

எல்லாரும் முதலில் சந்தேகிப்பவற்றையே நானும் சந்தேகித்தேன். தோட்டாக்கள் ஈரம் பட்டிருக்கலாம் என்று புதிய பெட்டி வாங்கினேன். குழலுக்குள் படிந்திருந்த ஈயத்தைத் தேய்த்து எடுத்தேன். முனையிலுள்ள குறிமணி ஆடுகிறதா என்று பார்த்தேன். கடைசியில் என் கண்ணையே சந்தேகித்துக் கண்ணாடியையும் மாற்றினேன். அனுமதிச் சீட்டில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது என்பதால், காகிதத்தில் சுட்டுப் பார்க்க மனம் வராமல் இரண்டு ஆண்டுகளைக் கடத்தியதுதான் நான் செய்த பெரிய தவறு.

ஒருவழியாகச் சுடுகளத்துக்குச் சென்று, சிமெண்டுப் பையைப் பிரித்து விரித்துப் பலகையில் அறைந்து, மணல் மூட்டையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்து 40 மீட்டரிலிருந்து பத்து ஸ்லக் சுட்டேன். வழக்கம்போல வலக் குழல், இடக் குழல் என மாறி மாறியே சுட்டேன். ஓட்டைகள் தாளெங்கும் சிதறிக் கிடந்ததைப் பார்த்துச் சலித்துக்கொண்டபோது, களத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "எது எந்தக் குழல் சுட்டதுன்னு குறிச்சியா தம்பி?" என்று கேட்டார். குறிக்கவில்லை. அடுத்த முறை புதிய தாளில் ஐந்தை வலக் குழலில் மட்டும் சுட்டு, கரியால் வட்டமிட்டு, பிறகு ஐந்தை இடக் குழலில் சுட்டேன். ஒவ்வொரு குழலின் ஐந்து ஓட்டைகளும் ஒரு ரொட்டி சானாய் அளவுக்குள் அடங்கின. ஆனால் வலக் குழலின் வட்டம் குறிக்கு இடப்பக்கத்திலும், இடக் குழலின் வட்டம் வலப்பக்கத்திலுமாக, இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி இருந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஒன்னும் கெட்டுப்போகல. ரெண்டு நல்ல துப்பாக்கியைச் சேர்த்துக் கட்டி வச்சிருக்க" என்றார்.

முடிவை மாற்றியது இந்த ஒன்றுதான் என்பதால் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பக்கவாட்டில் இணைந்த இரு குழல்களும் துப்பாக்கியின் நடு அச்சுக்கு இருபுறமும் இருப்பதால், வலக் குழல் வெடிக்கும்போது பின்னுதைப்பு துப்பாக்கி முனையை வலப்பக்கமாகவும், இடக் குழல் வெடிக்கும்போது இடப்பக்கமாகவும் தள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே அந்தத் தள்ளல் தொடங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டுவதற்காகவே, செய்பவர்கள் இரு குழல்களையும் முனைப்பக்கம் சற்று நெருங்கும்படி சாய்த்துப் பற்றவைக்கிறார்கள். அந்தச் சாய்வு ஒரு குறிப்பிட்ட வகைத் தோட்டாவின் வேகத்துக்குத்தான் சரியாக இருக்கும். அதைவிட வேகமான தோட்டா, முனை போதிய அளவு திரும்பும் முன்பே வெளியேறிவிடுவதால் இரு குழல்களின் குண்டுகளும் குறுக்கே கடந்து போகும். மெதுவான தோட்டா போட்டால் இரண்டும் விலகிப் போகும். எஸ்ஜியில் இது தெரியாது. ஒன்பது குண்டுகள் 30 மீட்டரில் முக்கால் மீட்டர் அகலத்துக்குப் பரவும்போது ஒரு சாண் பிழை அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஸ்லக்குக்கு அப்படி ஒளிய இடமில்லை. 20 மீட்டரில் இடைவெளி பாதியாகக் குறைவதால் பன்றி விழும், தூரம் கூடினால் தப்பும்.

இதைத் திருத்த முடியுமா என்றால், குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டையின் பற்றைப் பிரித்து, சாய்வை மாற்றி, மறுபடியும் பற்றவைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கைத்திறன் உள்ளவர் எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் இல்லை. மாற்றுவழியாக ஒரு குழலுக்கு ஸ்லக், மறுகுழலுக்கு எஸ்ஜி என்று பிரித்துக்கொள்ளலாம். ஸ்லக்கை வாய் இறுக்கம் குறைந்த குழலில், பெரும்பாலும் வலக் குழலில், போடுவது நல்லது. சில மாதங்கள் அப்படியே செய்தேன். பன்றி மட்டை மறைவிலிருந்து எழும் அவசரத்தில் விரல் எந்தக் குழலின் விசைக்குப் போகும் என்று உறுதியில்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஒற்றைக் குழலில் குண்டு விழும் இடம் ஒன்றே. குறி தவறினால் தேட வேண்டிய காரணங்களும் சில மட்டுமே: கீல் தேய்ந்து குழல் பின்தட்டோடு ஒட்டாமல் ஆடுவது, முன்கட்டையின் திருகு தளர்வது, குறிமணி நகர்வது. கீலைச் சோதிக்கத் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றி, மூடிய நிலையில் குழலைப் பக்கவாட்டில் அசைத்தால் போதும். ஆட்டம் இருந்தால் கையே சொல்லிவிடும். பழைய துப்பாக்கி வாங்குபவர் இதைச் செய்யாமல் வாங்கக் கூடாது.

குறைகளும் உண்டு. எடை குறைவு என்பதால் ஸ்லக்கின் உதை தோளை நன்றாகவே பதம் பார்க்கும். அடிபட்ட பன்றி திரும்பிப் பாயும் நேரத்தில் கையில் இரண்டாவது தோட்டா இல்லை என்பது சிறிய விஷயமன்று. அந்த ஒரு காரணத்துக்காகவே இரட்டைக் குழலை விடாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் தனியாகப் போவதில்லை; மச்சான் எப்போதும் பக்கத்தில் இருப்பார்.

பராமரிப்பிலும் ஒற்றைக் குழலே எளிது. நம் ஊர் ஈரத்தில் இரட்டைக் குழலின் நடுப்பட்டைக்கு அடியில் நீர் புகுந்தால் துரு உள்ளேயே வளரும், வெளியே தெரியாது. குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும்; மந்தமாக ஒலித்தால் பற்று விட்டிருக்கிறது. விலை விஷயத்தில் இரட்டைக் குழலுக்குத்தான் மதிப்பு, ஆனால் வாங்குபவரிடமும் போலீஸ் அனுமதி இருக்க வேண்டும் என்பதால் உடனே கைமாறாது. முன்கட்டையை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகையை இரண்டே முறை சுட்டிருக்கிறேன். இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

என் இரட்டைக் குழல் இப்போது தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் இருக்கும் உறவினர் ஒருவரின் பெயரில் இருக்கிறது. நடந்ததை எல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் எஸ்ஜி மட்டுமே போடுகிறார். இதுவரை ஒரு குறையும் சொல்லவில்லை.