கோனன் ஃபில்லர் எபிசோடுகள்: தவிர்த்தும் பார்த்தேன், தவிர்க்காமலும் பார்த்தேன்

சிறுவனாகச் சுருங்கிப்போன துப்பறிவாளன் கோனனைப் பற்றிய ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) 'டிடெக்டிவ் கோனன்' தொடரை இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன். முதல் முறை, மூலமான மாங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) உள்ள வழக்குகளை மட்டும் பொறுக்கிக் கொடுத்த ஒரு பட்டியலின்படி. இரண்டாம் முறை, ஏறக்குறைய ஒன்றையும் விடாமல், தங்கையோடு சேர்ந்து. இரவு உணவுக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ என்று பார்த்து, இப்போது ஐந்நூறாவது எபிசோடைத் தாண்டியிருக்கிறோம். எல்லாம் சேர்ந்து எட்டு ஆண்டுகள். அந்தப் பட்டியலை நம்பியது தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

ஃபில்லர், அதாவது மாங்காவில் இல்லாத இட்டுநிரப்பு எபிசோடு, ஏன் வருகிறது என்பது எளிய கணக்குதான். கோஷோ அவோயாமா 1994இல் தொடங்கிய மாங்கா, ஒரு வழக்கை முடிக்க ஏறக்குறைய மூன்று வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. 1996 ஜனவரியில் தொடங்கிய அனிமே அதை ஒன்றிரண்டு வாரங்களில் தீர்த்துவிடுகிறது. கதைக் கையிருப்பு காலியாகாமல் இருக்க, தொலைக்காட்சிக் குழுவே புதிய வழக்குகளை எழுதுகிறது. ஜப்பானிய ரசிகர்கள் இவற்றை 'அனியோரி' என்பார்கள். ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட எபிசோடுகளில் இவை பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆறாவது எபிசோடான காதலர் தினக் கொலை வழக்கே அப்படி எழுதப்பட்டதுதான்.

பட்டியலைப் பின்பற்றியபோது நான் எதிர்பார்த்தது வேகம். கோனனைச் சிறுவனாக்கிய குற்றக் கும்பலான கறுப்பு அமைப்பின் கதை விறுவிறுவென்று நகரும் என்று நினைத்தேன். நகரவில்லை. மாங்கா வழக்குகளிலும் பெரும்பாலானவற்றுக்கும் அந்த அமைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த அமைப்பின் ஆட்களான ஜின்னும் வோட்காவும் வருவதற்காகப் பல பத்து எபிசோடுகள் காத்திருந்தேன். ஃபில்லரைத் தள்ளிவிட்டால் மூலக்கதை மட்டும் மிஞ்சும் என்ற கணக்கு இந்தத் தொடருக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. போலீஸ் அதிகாரி தகாகி மாங்காவில் பிறந்தவர் அல்ல, அனிமேயில் பிறந்தவர். குரல் கொடுத்த வதாரு தகாகியின் பெயரே அவருக்கும் ஆயிற்று. பிறகுதான் அவோயாமா அவரை மாங்காவுக்குள் கொண்டுவந்தார். இன்னொரு போலீஸ் அதிகாரியான ஷிராதோரியும் அப்படித்தான், 1997இல் வந்த முதல் திரைப்படத்திலிருந்து உள்ளே நுழைந்தவர். சக அதிகாரி சாதோ மீது தகாகிக்கு இருக்கும் காதலை நெஞ்சில் வைத்துக் கொண்டாடும் நாமே, அவர் பிறந்த இடத்தை 'தேவையில்லாதது' என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தங்கையும் நானும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உண்மை புலப்படும் நொடியில் கோனனின் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கீற்று பாயும் அல்லவா, அங்கே நிறுத்திவிடுவோம். கொலையாளி யார், எப்படிச் செய்தார், எதை வைத்துச் சொல்கிறோம் என மூன்றையும் சொன்ன பிறகுதான் மேலே ஓடவிடுவோம். எது மாங்கா வழக்கு, எது ஃபில்லர் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்வதில்லை. அவள் கேட்பது ஒன்றே ஒன்று: "தடயத்தை நமக்குக் காட்டினார்களா, இல்லையா?" காட்டியிருந்தால் தோற்றாலும் மகிழ்ச்சியாகத் தூங்கப் போவாள். மறைத்திருந்தால் மறுநாள் காலை வரை கோபம் தீராது. முகமூடிகள் நிறைந்த மாளிகையில் பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலை ஒன்று உண்டு, 184ஆவது எபிசோடு. முழுக்க ஃபில்லர். அதைப் பார்த்து முடித்ததும், "இதுவரை பார்த்ததில் இதுதான் முதல் வரிசை" என்றாள். பட்டியலின்படி பார்த்த காலத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை.

சண்டைக் கதைகளில் ஃபில்லர் சலிப்பதற்குக் காரணம், அங்கே பந்தயமே இல்லாமல் போவது. துப்பறியும் கதையில் பந்தயம் அந்த ஒரு வழக்குக்குள்ளேயே இருக்கிறது. புதிர் நேர்மையாக இருந்தால் அது யார் எழுதியது என்பது எனக்குப் பொருட்டில்லை.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. சந்தேக வளையத்தில் மூவர் மட்டும் இருக்க, அவர்களில் ஒருவருக்கு மட்டும் நீண்ட வசனம் இருந்தால் பாதியிலேயே விடை தெரிந்துவிடுகிறது. கொலைக்கான காரணம் சில சமயம் ஒரு நிமிடப் பழைய நினைவில் அவசரமாகச் சொல்லி முடிக்கப்படுகிறது. கோனன் தங்கியிருக்கும் வீட்டின் துப்பறிவாளர் கோகோரோவை வெறும் பேராசைக்காரராகவே காட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவோயாமாவின் கோகோரோ தேவைப்படும் நேரத்தில் நிமிர்ந்து நிற்பவர். கோகோரோவின் மகள் ரானும், கோனனின் உண்மை உருவமான ஷினிச்சியும் ஓர் அடிகூட நெருங்க மாட்டார்கள். அமைப்பிலிருந்து தப்பி வந்த ஹைபராவின் பயம் குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது. அமைப்பைப் பற்றிய பெரிய திருப்பம் ஒன்றைப் பார்த்த மறுநாளே ஃபில்லர் வந்தால் மனம் ஒட்டாது. அப்போது இரண்டு நாள் இடைவெளி விட்டோம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இருநூறு எபிசோடுகளில் எதையும் விட வேண்டாம். கையால் வண்ணம் தீட்டிய அந்தக் காலத்து இரவுக் காட்சிகளில் இருக்கும் கனத்துக்காகவேனும் பாருங்கள். அதற்குப் பிறகு, ஒரு ஃபில்லரின் முதல் பத்து நிமிடங்களில் ஒரு கேள்வியாவது உங்களைப் பிடித்து நிறுத்தாவிட்டால் தாராளமாகத் தாண்டிவிடலாம். நாங்களும் சிலவற்றைத் தாண்டியிருக்கிறோம். அந்த முடிவைப் பட்டியலிடம் விட்டுவிடாதீர்கள்.