டிக் மெஷினை சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

கோவை கணபதியில் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறை வைத்திருக்கிறேன். ஹோட்டல் சமையலறை மேஜை, சிங்க், மாடிப்படிக் கைப்பிடி, இதெல்லாம்தான் வேலை. எங்கள் பட்டறைக்குச் சோறு போடுவது 200 ஆம்ப் சிங்கிள் பேஸ் டிக் வெல்டிங் மெஷின் ஒன்று (ஆர்கான் கேஸ் விட்டு ஸ்டீலை ஒட்டும் மெஷின்). அதை சர்வீஸுக்கு அனுப்பியதில் என் பட்டறைப் பையன் உயிர் போயிருக்க வேண்டியது. அதனால்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் மெஷின் பிளக் மாட்டிய சுவர் சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக் ஆனால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனது. தூக்கிவிட்டுப் போட்டால் மறுபடி ட்ரிப். டார்ச் சுவிட்சைத் தொடக்கூட இல்லை, ஆர்க் எடுக்கவும் இல்லை. இரண்டு வருடமாக அதே 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.யில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிய மெஷின் அது. வழக்கமாகப் போகும் சர்வீஸ் கடைக்குச் சொன்னேன். வண்டி அனுப்பி எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. போட்டுக் காட்டினார்கள், ட்ரிப் ஆகவில்லை. பில் 9,900 ரூபாய்: கன்ட்ரோல் போர்டு மாற்றியது 7,500, உள்ளே தூசி எடுத்து முழு சர்வீஸ் 900, எர்த் லீக்கேஜ் சரி செய்தது 1,200, கேஸ் லீக் பார்த்தது 300. மேல் மூடியில் 'சர்வீஸ் ஆனது' என்று தேதி போட்டு ஸ்டிக்கர்.

வந்தவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "எர்த் எல்லாம் சரியா இருக்குங்களா?" அவர் ஜாப்பில், அதாவது வெல்டிங் செய்யும் பொருளில், மாட்டும் கிளாம்பை எடுத்துக் காட்டி, "புது கிளாம்ப் மாதிரி பிடிக்குதுங்க பாருங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

நான் ஏமாந்த இடம் அதுதான். பட்டறையில் நாம் எல்லோரும் அந்தக் கிளாம்பை 'எர்த்' என்றுதான் சொல்கிறோம். அது வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் வழி. மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை ஈ.பி. லைனிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. ஆளைக் காப்பாற்றும் எர்த் வேறு. அது பிளக்கின் மூன்றாவது பின்னிலிருந்து வரும் பச்சை வயர். மெஷினின் இரும்பு பாடியைப் பிடித்து நேராக எர்த் குழிக்குக் கொண்டுபோவது. உள்ளே எங்காவது பேஸ் வயர் பாடியில் பட்டால் கரண்ட் அந்தப் பச்சை வயர் வழியே ஓடும், ஆர்.சி.சி.பி. உடனே விழும். ஒரே சொல்லால் இரண்டையும் சொல்வதால், கிளாம்பைக் காட்டி நம் வாயை அடைத்துவிட முடிகிறது.

அடுத்த இரண்டு வாரம் வேலை ஓடியது. நடுவில் பையன் ஒருநாள், "அண்ணா, பாடில கை வச்சா சுருசுருன்னு இருக்குங்ணா" என்றான். டிக் மெஷினில் எச்.எஃப். இருக்கிறது, அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆர்க் பிடிக்க வைக்கும் அந்த உயர் அதிர்வெண் பொறி டார்ச் சுவிட்சை அழுத்தும்போதுதான் வரும். அவன் சொன்னது சும்மா நிற்கும் மெஷினைப் பற்றி. அதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அக்டோபர் மழையில் ஷட்டர் பக்கம் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மெஷினை நகர்த்தச் சொன்னேன். பையன் கிளவுஸைக் கழற்றிவிட்டான், காலில் நனைந்த ரப்பர் செருப்பு. இரண்டு கையாலும் பாடியின் பின்பக்கத்தைப் பிடித்தான். பிடித்த நொடியில் பின்னால் தூக்கிப் போட்டது. அதே நேரம் ஆர்.சி.சி.பி.யும் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம், நன்றாக இருக்கிறான். ஆனால் அன்று ஆர்.சி.சி.பி.யை விழ வைத்தது அவன் உடம்பு. பச்சை வயர் வழியாகப் போயிருக்க வேண்டிய கரண்ட் அவன் வழியாகத் தரைக்குப் போனது.

மறுநாள் பக்கத்துத் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவரைக் கூப்பிட்டேன். மெஷினை ஒருமுறை மட்டும் ஆன் செய்து, தள்ளி நின்று பாடி ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, அதன் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். கேபிளின் பச்சை வயரை வெளி உறை ஓரமாகவே ஒட்ட வெட்டி, கறுப்பு டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். எர்த் பின் மொட்டையாக இருந்தது. 1,200 ரூபாய்க்கு 'எர்த் லீக்கேஜ் சரி செய்த' வேலை இதுதான். லீக்கேஜ் அப்படியே இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுக்கும் வயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். மெஷின் ரப்பர் சக்கர டிராலியில் நிற்பதால் கரண்டுக்கு வேறு வழியே கிடையாது. யாராவது ஈரக் கையோடு தொடும்வரை ட்ரிப் ஆகாது.

அப்புறம் மூடியைத் திறக்கப் போனார். உடனே திறக்கவில்லை. "கெப்பாசிட்டர்ல முந்நூறு வோல்ட்டுக்கு மேல நிக்கும் தம்பி, பிளக்கைப் பிடுங்கியாச்சேன்னு கைய விடக்கூடாது" என்று பத்து நிமிடம் உட்கார்ந்து டீ குடித்தார். திறந்த பிறகும் மீட்டர் வைத்து கெப்பாசிட்டர் இறங்கிவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்.

மூடியின் ஸ்க்ரூக்களில் கம்பெனியில் போட்ட சிவப்புப் பெயின்ட் அடையாளம் உடையாமல் இருந்ததை முதலில் அவர்தான் காட்டினார். மெஷினைத் திறக்கவே இல்லை! உள்ளே கிரைண்டிங் தூசி விரல் மொத்தத்துக்கு, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் இடுக்கெல்லாம் அடைத்துக் கிடந்தது. புதிதாக மாற்றியதாகச் சொன்ன போர்டின் மேல் காய்ந்து கருவாடாகிப்போன பல்லி ஒன்று வாலோடு ஒட்டியிருந்தது. அதன் மேலேயும் தூசி. அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ட்ரிப்புக்குக் காரணம் பின்பக்கம் இருந்தது. கேபிள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்து வைக்கும் கிளாண்ட் உடைந்து, தகட்டின் கூர் விளிம்பு பேஸ் வயரின் இன்சுலேஷனை அறுத்திருந்தது. தாமிரம் தெரிந்தது.

கிளாண்ட், புது 4 ஸ்கொயர் மூன்று கோர் கேபிள், புது பிளக், தூசி எடுத்தது எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் வாங்கினார். பழைய போர்டிலேயே மெஷின் நன்றாக ஓடுகிறது. கேஸ் லீக்கும் அப்படித்தான். சனிக்கிழமை 100 காட்டிய ஆர்கான் மீட்டர் திங்கள்கிழமை 60 காட்டுவது ஏன் என்று தெரியாமல் இருந்தேன். பின்னால் ஹோஸ் நட்டில் சோப்புத் தண்ணீர் தடவியதும் நுரை பொங்கியது. ஸ்பேனரால் கால் சுற்று. அவ்வளவுதான்.

சர்வீஸ் கடைக்குப் போனேன். "நீங்கதானே ட்ரிப் ஆகாம பண்ணித் தரச் சொன்னீங்க" என்றார்கள். பல்லி போட்டோவைக் காட்டினால், வேறு ஆள் திறந்த மெஷினுக்குப் பொறுப்பு ஏற்க மாட்டோம் என்றார்கள். பணம் திரும்ப வரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில், வெட்டிய கேபிள், பழைய பிளக் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.

இப்போது மாதம் முதல் தேதி எங்கள் பட்டறையில் முதல் வேலை மல்டிமீட்டர். பிளக்கைப் பிடுங்கி, பீப் சத்தம் போடும் நிலையில் வைத்து, ஒரு முனையை எர்த் பின்னிலும் இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத பாடி ஸ்க்ரூவிலும் வைக்கிறோம். பீப் வர வேண்டும். அடுத்து மெஷின் சுவிட்சை மட்டும் ஆன் நிலையில் வைத்து, பேஸ் பின்னுக்கும் பாடிக்கும் நடுவே பார்க்கிறோம். இங்கே பீப் வரக்கூடாது. வராததால் லீக்கேஜே இல்லை என்று ஆகாது, ஆனால் எங்களுக்கு நடந்த மாதிரி நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் இதில் தெரிந்துவிடும். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பார்க்கிறோம், விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும். தூசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெரியவர் முன்னால்தான். கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீரை வடித்துவிட்டுக் காற்றைக் குறைத்து வைத்து அடிக்கிறார், ஃபேனை ஒரு குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொள்கிறார். கிரைண்டரை மெஷினுக்கு எதிர்ப்பக்க மூலைக்கு மாற்றிவிட்டேன். இரும்புத் தூசி கரண்ட் கடத்தும், ஃபேன் அதைத்தான் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் மூடியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய போர்டைக் கையில் கேளுங்கள், கொடுக்க மறுத்தால் அந்த வரிக்குப் பணம் தராதீர்கள். 'ட்ரிப் ஆகவில்லை' என்பதை மட்டும் வைத்து வாங்கி வராதீர்கள்.

நேற்று எங்கள் வரிசையில் உள்ள பட்டறைகளில் சொல்லி நான்கு மெஷின்களின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று சரி. நான்காவதில் பச்சை வயர் இல்லை. அந்த மெஷினை ஓரம் கட்டி வைத்திருக்கிறார்கள். பெரியவர் நாளைக் காலை பத்து மணிக்கு வந்து திறக்கிறார்.