எழுபது வயதில் ஜூரி அழைப்பு: எந்த ஊர்ச் சட்டம் தேவலை?

சாதாரணக் குடிமக்களை நீதிமன்றத்தில் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லவைப்பதுதான் ஜூரி. சிங்கப்பூரில் இந்த முறைக்கு 1969 இறுதியில் மூடுவிழா நடத்திவிட்டார்கள். கடைசிச் சில ஆண்டுகள், மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டும் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். பிரபல குற்றவியல் வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் எவ்வளவோ வாதாடியும் அது தப்பவில்லை. அதனால் ஜூரி நம் கவலை இல்லை என்று இருந்துவிடுகிறோம்.

ஆனால் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோடு வெளியூரில் இருப்பவருக்கும் ஜூரி அழைப்புக் கடிதம் வரலாம். ஹாங்காங்கில் அங்கே குடியிருந்து, நீதிமன்ற மொழி போதிய அளவு தெரிந்தாலே கூப்பிடுவார்கள். இங்கிலாந்தில், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறி, 13 வயதுக்குப் பிறகு 5 ஆண்டுகள் பிரிட்டனில் வசித்திருந்தால் முறை வரும். அமெரிக்காவில்தான் குடியுரிமை கட்டாயம்.

வயதில் ஹாங்காங் கறார்: 21 முதல் 65க்குள். நம் ஊரில் 70 தாண்டியும் டாக்சி ஓட்டுகிறார்கள். அதே ஆள் அங்கே 65லேயே தீர்ப்புச் சொல்ல லாயக்கில்லாத கிழவர். இங்கிலாந்து 2016 டிசம்பரில் உச்ச வயதை 70இலிருந்து 75 ஆக்கியது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 18 ஆனால் போதும், மேல் வரம்பே இல்லை. மாநிலங்கள் ஆளுக்கொரு விதம். ஃபுளோரிடாவில் 70 வயதானவர் கேட்டால் நிரந்தரமாகவே விட்டுவிடுவார்கள். கலிபோர்னியாவில் உடம்பு முடியவில்லை என்று 70 வயதுக்காரர் சொன்னால் டாக்டர் சீட்டு கேட்பதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். முடிந்தவர் வரட்டும், முடியாதவர் சொல்லிவிட்டுப் போகட்டும். நம் தேர்தலிலும் 21 வயதானால் ஓட்டுப் போடலாம், உச்சவரம்பு கிடையாதே!

விலக்கு என்று வந்தால் கதை மாறுகிறது. ஹாங்காங்கின் பட்டியல் நீளம்: வழக்கறிஞர், மருத்துவர், பல் மருத்துவர், மதகுரு, முழுநேர மாணவர்... படித்த கூட்டத்தில் பாதியைக் கழித்துவிட்டு மிச்சம் யாரை உட்காரவைப்பது? அமெரிக்கக் கூட்டாட்சி விதி ராணுவத்தினர், போலீஸ், தீயணைப்புப் படையினர், அரசுப் பதவியாளர்கள் என்று நிறுத்திக்கொள்கிறது. அவர்களே ஆசைப்பட்டாலும் உட்கார முடியாது.

இங்கிலாந்தில் 2004 முதல் நீதிபதிகளுக்கும் போலீசுக்கும்கூடத் தொழில் விலக்கு இல்லை. வேலை, பரீட்சை என்று தகுந்த காரணம் காட்டினால் பொதுவாக ஒருமுறை, 12 மாதத்துக்குள் வேறு தேதி தருவார்கள். ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியைத் தள்ளிப்போடக் கேட்டவர்களுக்கு இது பழக்கமான சங்கதி: தேதி மாறும், கடமை போகாது. தொழில் விஷயத்தில் என் ஓட்டு இங்கிலாந்துக்கு.

சரி, லண்டனில் இருக்கும் உங்கள் மகளுக்குக் கடிதம் வந்து, அந்த வாரம் தீபாவளிக்கு இங்கே வர டிக்கெட்டும் போட்டாயிற்று என்றால்? 7 நாளுக்குள் பதில் போடச் சொல்லுங்கள், டிக்கெட் விவரத்தோடு. கண்டுகொள்ளாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விழலாம்.