கேம்பர் ஷவர், குழாய்கள்: எதை மாற்றினால் தகும், எதைத் தொடாமல் விடலாம்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லரோ மோட்டார்ஹோமோ (தங்கி, சமைத்து, குளித்துப் பயணிக்கும் வசதியுள்ள வண்டிகள்; கேம்பர், ஆர்.வி. என்பதும் இவையே) வாங்குபவர்கள் முதலில் கழற்றி எறிய நினைப்பது குளியலறை ஷவரைத்தான். நினைப்பது நியாயம்தான். தொழிற்சாலையில் மாட்டித் தரும் ஷவர் பெரும்பாலும் எடையே இல்லாத பிளாஸ்டிக். தண்ணீர் நூல்நூலாகப் பிரிந்து விழும். அடர்ந்த முடியிலிருந்து ஷாம்பு போகவே போகாது. இதை மாற்ற சுமார் 40 டாலர் செலவு, பத்து நிமிட வேலை. அதே வேகத்தில் சுவரில் உள்ள ஷவர் குழாய், சமையலறைக் குழாய், வாஷ்பேசின் குழாய் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக் குழாய்களைப் பூட்டுவது வேறு கணக்கு. சில இடத்தில் அது மிக நல்ல செலவு, சில இடத்தில் வீண்.

முதலில் ஷவர் ஹெட். ஆர்.வி.காரர்கள் அதிகம் வாங்குவது ஆக்ஸிஜெனிக்ஸ் நிறுவனத்தின் பாடிஸ்பா, ஃப்யூரி ஆகிய இரண்டு மாடல்கள். இரண்டும் ஆர்.வி.க்கென்றே ஹோஸ், சுவர்த் தாங்கி, இடையில் தண்ணீரை நிறுத்தும் வசதி ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் வருகின்றன. உள்ளே நடப்பது இதுதான்: குறுகலான வழியில் தண்ணீர் வேகமெடுத்து ஓடும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது, பக்கத் துளை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு நீரோடு கலந்து வெளியேறுகிறது. குறைந்த நீரே நிறைவாக, வேகமாக உடலில் விழுவது போல் இருக்கும். 'அழுத்தத்தைக் கூட்டும்' என்று இந்த வகை ஷவர்கள் விற்கப்படுகின்றன. வண்டியின் தண்ணீர்ப் பம்ப் கொடுக்கும் அழுத்தத்துக்கு மேல் எந்த ஷவரும் கொடுக்க முடியாது. கூடுவது துளியின் வேகம் மட்டுமே. ஆனாலும் குளிப்பவருக்குத் தெரியும் வித்தியாசம் பெரிது. இந்த மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம்.

இதில் ஒரு குறை உண்டு. காற்று கலந்த நீர் சீக்கிரம் ஆறிவிடும். அக்டோபரில் மலைப்பகுதி முகாம் ஒன்றில், குளியலறைக் காற்றே சில்லென்று இருக்கும்போது, தலையில் சூடாக விழும் தண்ணீர் முழங்காலுக்கு வரும்போது வெதுவெதுப்பாகிவிடும். அதற்காகச் சுடுநீர்ப் பக்கத்தைக் கொஞ்சம் கூடத் திறக்க வேண்டியிருக்கும். மிச்சமான தண்ணீரில் ஒரு பங்கு அங்கே போய்விடும். குளிர்காலத்தில் அதிகம் பயணிப்பவர்கள் காற்று கலக்காத, குறைந்த ஓட்டமுள்ள சாதாரண ஹேண்ட் ஷவரை வாங்குவதே நல்லது. ஷவர் ஹோஸின் மரை வீட்டிலும் வண்டியிலும் ஒன்றுதான், அரை அங்குலம். எனவே வீட்டு ஹேண்ட் ஷவர் எதுவும் பொருந்தும்.

ஓட்டத்தின் அளவைப் பார்க்காமல் ஷவர் வாங்கக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி ஷவர் ஹெட்டின் உச்ச ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது சுமார் 9.5 லிட்டர். கலிஃபோர்னியாவில் 2018 ஜூலை முதல் 1.8 கேலன். டிரெய்லர்களில் பரவலாக இருப்பது 6 கேலன் வாட்டர் ஹீட்டர். அதன் நீர் 54 டிகிரி செல்சியஸ், டேங்க் நீர் 15 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரி என்று வைத்தால், விழும் நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீட்டரிலிருந்து வர வேண்டும். நிமிடத்துக்கு 2 கேலன் ஓடினால் 4 நிமிடத்தில் சூடு இறங்கத் தொடங்கும். நான்கு பேர் ஆளுக்கு 4 நிமிடம் குளித்தால் 32 கேலன். குளித்த, கழுவிய நீர் சேரும் 30 கேலன் கிரே டேங்க் அதற்குள் நிரம்பி, தண்ணீர் ஷவர் தட்டின் வடிகால் வழியாகவே மேலே வரும். முகாமில் குடிநீர் இணைப்பு மட்டும் இருந்து கழிவுநீர் இணைப்பு இல்லாவிட்டால் முதலில் கைவிரிப்பது கிரே டேங்க்தான். இந்தக் காரணங்களால் 1.5 முதல் 1.8 கேலன் வரை உள்ள ஷவரே வண்டிக்குச் சரி.

டேங்க் இல்லாமல் உடனுக்குடன் சூடாக்கும் ஹீட்டர் உள்ள வண்டியில் மட்டும் இன்னொரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஹீட்டர்கள் ஒரு குறைந்தபட்ச ஓட்டம் இருந்தால்தான் எரியும். மிகச் சிக்கனமான ஷவரைப் போட்டுச் சுடுநீரைக் கொஞ்சமாகத் திறந்தால் சுடர் அணைந்து, சட்டென்று குளிர்ந்த நீர் விழும். ஹீட்டரின் கையேட்டில் அந்த அளவைப் பார்த்துவிட்டே ஷவர் வாங்குங்கள்.

அடுத்து, இந்த ஷவர்களைப் பற்றி மிக அதிகமாக எழும் புகார்: 'நிறுத்தும் பட்டனை அழுத்தினாலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, பழுதான பொருள்.' அது பழுது அல்ல, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். சுவரில் உள்ள குழாயின் சூடு, குளிர் இரண்டு கைப்பிடிகளும் திறந்திருக்க, ஷவர் முனையை மட்டும் முழுக்க அடைத்தால், குழாயின் உடலுக்குள் சுடுநீர், குளிர்நீர் வழிகள் இரண்டும் நேராக இணைந்துவிடும். எந்தப் பக்கம் அழுத்தம் சற்றுக் கூடுதலோ அங்கிருந்து மறுபக்கத்துக்கு நீர் புகும். சோப்புப் போட்டு முடித்து மறுபடி திறக்கும்போது முதலில் வருவது கொதிநீரா பச்சைத் தண்ணீரா என்று சொல்ல முடியாது. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது இது ஆபத்து. கொஞ்சம் நீர் ஓடிக்கொண்டே இருந்தால் இந்தக் கலப்பு பெருமளவு குறையும். சொட்டைப் பொறுத்துக்கொள்ளாமல் முழுவதும் அடைக்கும் பித்தளை வால்வைத் தனியாக வாங்கி இடையில் பூட்டுபவர்கள் பலர். அப்படிச் செய்தால், குளித்து முடித்ததும் சுவர்க் கைப்பிடிகள் இரண்டையும் கட்டாயம் மூட வேண்டும்.

மூடாமல் விட்டால் என்ன ஆகும்? சமையலறையில் சுடுநீரைத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஹீட்டர் போய்விட்டது என்று நினைத்து தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள், எலிமென்ட்டை மாற்றுவார்கள், எதுவும் சரியாகாது. இதே கோளாறு வண்டியின் வெளிப்புற ஷவரிலிருந்தும் வரும். கால் கழுவிவிட்டு முனையின் பட்டனை மட்டும் அழுத்தி, கைப்பிடிகளைத் திறந்தபடியே பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சுடுநீர் சூடாக வரவில்லை என்றால் ஹீட்டரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: வெளிப்புற ஷவரின் கைப்பிடிகள், ஹீட்டரின் பின்னால் உள்ள பைபாஸ் வால்வு (நீரை ஹீட்டருக்குள் விடாமல் சுற்றி அனுப்புவது).

ஷவர் மாட்டும் வேலையில் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. பழைய ஹோஸைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். இறுகிப் பிடித்திருந்தால் துணி சுற்றி இடுக்கியால் மெதுவாகத் திருகவும். பழைய ரப்பர் வாஷர் மரைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்மேல் புதிய வாஷர் உட்கார்ந்தால் ஒழுகும். விரலை விட்டுத் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள். வாஷர் உள்ள இணைப்புக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. தாங்கியைத் திருகும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ஷவர் சுவர் மெல்லிய ஏபிஎஸ் அல்லது ஃபைபர்கிளாஸ் தகடு, பின்னால் பல இடங்களில் வெற்றிடம். பழைய ஓட்டைகளையே பயன்படுத்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் சிலிகான் தடவித் திருகவும். அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும் நீர் பின்னால் இருக்கும் பிளைவுட்டை அழுக வைக்கும். வெளியே தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

சுவரில் உள்ள ஷவர் குழாயை, ஒழுகாவிட்டால், அப்படியே விட்டுவிடலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டியூரா ஃபாசெட் போன்ற நிறுவனங்களின் ஆர்.வி. குழாய்களே பொருத்தம். அவை பெரும்பாலும் குரோம் அல்லது நிக்கல் பூச்சுப் போட்ட பிளாஸ்டிக். அதைக் குறை என்று சொல்ல மாட்டோம். பழைய குழாய் இருந்த ஓட்டைகளிலேயே அவை அமர்ந்துவிடும். சூடு, குளிர் வழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே வண்டியில் வழக்கமாக 4 அங்குலம். மொபைல் ஹோம் எனப்படும், இழுத்துச் சென்று வைக்கும் வீடுகளுக்கான குழாய்களில் 8 அங்குலம். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் தொங்கும், எனவே டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். வீடுகளில் சுவருக்குள் புதைக்கும் ஷவர் வால்வுக்கு வண்டியின் சுவரில் ஆழமே கிடையாது.

குழாயின் வெளிவாயில் குமிழ் போல ஒன்று இருக்கும், அது வேக்கம் பிரேக்கர். தரையில் கிடக்கும் ஷவர் முனை வழியாக அழுக்குநீர் திரும்பி உறிஞ்சப்பட்டு நல்ல நீரில் கலக்காமல் காப்பது அதன் வேலை. முனையில் நீரை நிறுத்தும்போது அழுத்தம் முழுதும் அதன்மேல் விழுவதால் அது ஓரிரு சொட்டு விடும். தொடர்ந்து ஒழுகினால் அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம், முழுக் குழாயையும் மாற்ற வேண்டியதில்லை. அதை எடுத்துவிட்டு வெறும் எல்போ (வளைவு இணைப்பு) போடுவது தவறான சிக்கனம்.

குழாயை மாற்றும் முன் பம்பை நிறுத்தி, வெளி இணைப்பைக் கழற்றி, ஹீட்டரை அணைத்து ஆற விட்டு, அடியில் உள்ள வடிகால்களைத் திறந்து பைப்புகளைக் காலி செய்யவும். பின்பக்கம் போகும் வழி பெரும்பாலும் அலமாரிக்குள் நாலு ஸ்க்ரூவில் நிற்கும் சின்னப் பலகையாக இருக்கும். பெக்ஸ் எனப்படும் வளையும் பிளாஸ்டிக் பைப்பின் முனையில் உள்ள அரை அங்குலச் சுழலும் நட்டில் கூம்பு வாஷர் இருக்கும். இங்கேயும் டேப் சுற்றக் கூடாது. கையால் இறுக்கி, அதன்மேல் கால் சுற்று போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரையில் மயிரிழை அளவு விரிசல் விழும். அன்றைக்கு ஒழுகாது, வண்டி குலுங்கி ஓடிய பிறகு ஒழுகும். முகப்புத் தட்டின் மேலும் பக்கங்களிலும் சிலிகான் வைத்து, கீழே சிறிது இடைவெளி விடுங்கள். உள்ளே போன நீர் வெளிவர வழி வேண்டும்.

முடித்ததும் எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பை மட்டும் ஓட விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பம்ப் நின்ற பிறகு, யாரும் நீர் திறக்காமலே ஓரிரு நொடி உறுமினால் எங்கோ கசிகிறது. உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். 1978 முதல் 1995 வரையிலான பழைய வண்டிகளில் சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் பைப் இருக்கக்கூடும். பெக்ஸ் இணைப்பை இறுக்கும் வளையங்களை அதில் நேரடியாகப் போடக் கூடாது, மாற்று இணைப்பு வேண்டும்.

பணத்துக்கு உண்மையான பலன் தருவது சமையலறைக் குழாய்தான். தொழிற்சாலைக் குழாயின் வாய் தாழ்ந்திருக்கும். இட்லிப் பானையையோ குக்கரையோ அதன் கீழ் சாய்க்காமல் கழுவ முடியாது. ஹோம் டிப்போவிலோ லோஸிலோ கிடைக்கும், இழுத்து நீட்டும் உயரக் கழுத்துக் குழாய் அங்கே நன்றாகவே அமரும். ஆனால் வீட்டுக் குழாயின் ஹோஸ் முனை 3/8 அங்குலக் கம்ப்ரெஷன் (நட்டால் அழுத்தி அடைக்கும் வகை), வண்டியின் பெக்ஸ் முனை அரை அங்குல நட். இடையே ஒருபக்கம் அரை அங்குல ஆண் (வெளிப்பக்க) மரையும் மறுபக்கம் 3/8 கம்ப்ரெஷனும் உள்ள இணைப்பு இரண்டு வேண்டும். இதை மறந்துவிட்டுப் பழைய குழாயைக் கழற்றிவிட்டால் கடைக்கு இன்னொரு நடை. வண்டியின் சிங்க் தகடு மெலிது. கனமான குழாய் பயணத்தில் ஆடி ஆடி ஓட்டையைப் பெரிதாக்கும், எனவே அடியில் அரை அங்குலப் பிளைவுட் துண்டை ஓட்டை போட்டு வைத்து அதன்மேல் நட்டை இறுக்குங்கள். ஜன்னல் திறக்குமா, சிங்க் மூடி அமருமா என்று உயரத்தை அளந்து பாருங்கள். மடித்து மூடும் பாப்அப் டிரெய்லரில் உயரக் கழுத்து வேண்டவே வேண்டாம். வண்டி ஓடும்போது நீட்டும் முனை கழன்று ஆடாதபடி கட்டி வைக்க வேண்டும்.

வீட்டுக் குழாயின் ஓட்டம் வண்டிக்கு அதிகம். முனையில் உள்ள ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் சல்லடை மூடி) திருகிக் கழற்றும் வகையாக இருந்தால் நிமிடத்துக்கு 1 கேலன் விடும் ஏரேட்டர் போடலாம். வாஷ்பேசின் குழாய்களில் பரவலான அளவு 15/16 அங்குல ஆண் மரை, 55/64 அங்குலப் பெண் மரை. வாஷ்பேசினுக்கு இந்த ஏரேட்டரே போதும், குழாயை மாற்றத் தேவையில்லை. புது வண்டிகளில் டேங்கையும் பைப்பையும் துளைத்தபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல் ஏரேட்டரை அடைப்பது வழக்கம். ஓட்டம் திடீரென்று குறைந்தால் முதலில் ஏரேட்டரையும் பம்பின் முன் உள்ள வடிகட்டியையும் கழுவுங்கள்.

ஷவர் மாற்றிய பிறகு தண்ணீர் துடித்துத் துடித்து வருகிறது என்றால் காரணம் பம்ப். பரவலாக உள்ள ஷுர்ஃப்ளோ 4008 நிமிடத்துக்கு 3 கேலன் தள்ளும், அழுத்தம் 55 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) ஆனதும் நின்றுவிடும். சிக்கன ஷவரோ அதில் பாதியைத்தான் வெளியே விடுகிறது. அழுத்தம் உடனே ஏறுகிறது, பம்ப் நிற்கிறது, இறங்குகிறது, மறுபடி ஓடுகிறது. அதோடு சூடும் ஏறி இறங்குகிறது. பம்புக்குப் பின் அழுத்தத்தைச் சமப்படுத்தும் ஒரு சிறிய அக்யூமுலேட்டர் டேங்க் வைத்தால் துடிப்பு பெரிதும் அடங்கும். முகாமின் நீரிணைப்பில் மட்டும் ஓட்டம் மோசம் என்றால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். மலிவான குழல் வடிவ ரெகுலேட்டர் அழுத்தத்தோடு ஓட்டத்தையும் நெரித்துவிடும். மானி உள்ள, திருகிச் சரிசெய்யும் பித்தளை ரெகுலேட்டரை வாங்கி 50 பிஎஸ்ஐ அளவில் வைத்தால், புது ஷவருக்குக் கொடுத்த பணத்தின் பலன் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

உறைபனி விழும் மாநிலங்களில் இருப்பவர்கள் குளிர்காலத்துக்கு வண்டியை மூடும்போது புதிய பொருத்திகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். பித்தளை என்பதால் தப்பிக்காது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜில் (நீரைத் திறந்து மூடும் பகுதி) நிற்கும் நீர் உறைந்து அதைப் பிளக்கும். உறையாமல் காக்கும் இளஞ்சிவப்புத் திரவமான ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸைச் சூடு, குளிர் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திறந்து, நிறம் தெரியும் வரை ஓட விடுங்கள். நீட்டும் குழாயின் ஹோஸ், வெளிப்புற ஷவர் இரண்டும் பலரும் மறக்கும் இடங்கள். ஷவர் ஹெட்டைக் கழற்றி உதறி, ஹோஸைத் தலைகீழாகப் பிடித்து வடித்து, இரண்டையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். கையால் திருகிக் கழற்றும் இணைப்புதானே.