நகரோரக் காணியா, படுவான்கரை பஸ்ஸா? மட்டக்களப்புச் சபைகளின் முன்னுள்ள தெரிவுகள்

உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை, மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலேயே சபைகள் இயங்கின. இப்போது உறுப்பினர்கள் மீண்டும் அமர்ந்திருக்கும் நிலையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் மூன்று கோரிக்கைகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. நகரையும் நகரோரத்தையும் சார்ந்த குடும்பங்களுக்கு வீட்டுக் காணி வேண்டும் என்பது ஒன்று. எஞ்சியிருக்கும் தாழ்நிலங்கள், மைதானங்கள், கண்டற்கரைகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்பது மற்றொன்று. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கு ஒழுங்கான பஸ் வேண்டும் என்பது மூன்றாவது. இவை தனித்தனிப் பிரேரணைகளாக வருவதால், அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் சபைக்குக் கிடைப்பதில்லை. உண்மையில் இம்மூன்றும் பெருமளவுக்கு ஒரே குடும்பத்தைப் பற்றியவை. பிள்ளை உயர்தரம் படிக்கத் தொடங்கியதும், மாலை வகுப்பு முடிந்து ஊர் திரும்ப வழியில்லை என்பதற்காக, படுவான்கரையிலுள்ள அரசடித்தீவிலோ ஆயித்தியமலையிலோ சொந்த வளவு இருக்க, நகரோரத்தில் பத்துப் பேர்ச் காணி தேடும் குடும்பத்தைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக் காணியின் பக்கத்து நியாயம் வலுவானது. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டி. காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் தாயின் வளவைப் பிரித்து மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழமையாக இருந்தது. இனிப் பிரிக்க வளவு இல்லை என்ற நிலைக்குப் பல குடும்பங்கள் வந்துவிட்டன. மேலும், சபைக்கு உண்மையான அதிகாரம் இருக்கும் விடயமும் இதுவே. காணித் துண்டாடல் வரைபடத்தை அங்கீகரிப்பதும், கட்டட அனுமதி வழங்குவதும், பின்னர் இணக்கச் சான்றிதழ் கொடுப்பதும் சபையின் கையில் இருக்கின்றன. அதற்கான கட்டணமும், வீடு எழும்பிய பிறகு சோலைவரியும் சபைக்கே சேர்கின்றன. வருமானம் தரும் ஒரே தெரிவு என்பதால், உறுப்பினர்களின் கை இதற்கு எளிதில் உயர்வதை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் எந்தக் காணி என்று கேட்டால் பேச்சு மாறுகிறது. மேட்டுக்காணி முடிந்துபோன இடத்தில், விற்பனைக்கு வருவது பெரும்பாலும் வயலோரமும் வாவியோரமும்தான். வயலை நிரப்புவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் எழுத்துமூல அனுமதி தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் கிரவல் ஏற்றிய டிப்பர்கள் அந்தப் பத்திரத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு ஹெக்டேயர் தாழ்நிலத்தை ஒரு மீற்றர் உயர்த்தினால் 10,000 கன மீற்றர் மண் உள்ளே போகிறது. மூன்று கியூப் (சுமார் 8.5 கன மீற்றர்) டிப்பரில் அது 1,000 லோட்டுக்கும் மேல். முன்பு மாரியில் அங்கே தங்கி நின்ற அதே அளவு நீர், அதாவது ஒரு கோடி லீட்டர், பக்கத்து வளவுகளுக்குத்தான் போகும். கிரவலுக்கான பணத்தைக் காணி வாங்குபவர் கொடுக்கிறார். நீருக்கான விலையை அயலவர் கொடுக்கிறார். வெள்ளம் ஏறும் வேளையில் பாலமீன்மட்டு முகத்துவாரத்தை வெட்டி வாவியைக் கடலுக்கு விடுவது மட்டும் இதற்குப் பதிலாகாது. வாவி வடிந்தாலும், மதகு அடைபட்ட ஒழுங்கைக்குள் நிற்கும் நீர் அதனோடு சேர்ந்து வடிவதில்லை.

வீடமைப்பை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் திராய்மடுவை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை கட்டக்கூடாது என்ற தடை வந்தபோது (அது பின்னர் தளர்த்தப்பட்டது வேறு கதை), நாவலடி போன்ற இடங்களில் அனைத்தையும் இழந்த குடும்பங்களுக்குத் திராய்மடுவில் வீடுகள் கிடைத்தன. வீடு கிடைத்ததை எவரும் சிறிதாக எண்ண முடியாது. இருந்தும் மீன்பிடியை நம்பிய குடும்பங்களுக்குத் தொழில் பழைய கரையிலும் கூரை புதிய இடத்திலுமாகப் பிரிந்தது. இரண்டுக்கும் இடையிலான போக்குவரத்து, வீட்டுத் திட்டத்தின் வரைபடத்தில் ஒரு கோடாகக்கூட இருக்கவில்லை. இப்போது மாவட்டச் செயலகமும் நகரிலுள்ள பழைய கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்கு வந்துவிட்டது. வெல்லாவெளியிலிருந்து ஒரு கையொப்பத்துக்காக வருபவர் நகர பஸ் நிலையத்தில் இறங்கினால் பயணம் முடிவதில்லை. அங்கிருந்து மேலும் போக வேண்டும்.

பசுமை வெளியின் பக்கத்தில் சட்டம் இருக்கிறது, ஆள் இல்லை. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது வீதி நீங்கலான பரப்பில் 10 வீதத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி. கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேயர் சுமார் 395 பேர்ச். வீதிகளுக்கு ஐந்திலொரு பங்கு போனால் 316 மிஞ்சும். அதில் 10 வீதம் ஏறக்குறைய 32 பேர்ச். பத்துப் பேர்ச் துண்டுகளாக விற்பவர் இதனால் இழப்பது மூன்று துண்டுகள். அந்த மூன்றைக் காப்பாற்றத்தான் ஒதுக்கீடு வடிகானோரத்துப் பள்ளமாகவும், பந்து உருண்டால் நீருக்குள் விழும் முக்கோண மூலையாகவும் மாறுகிறது. வரைபடத்தில் பச்சை நிறம் பூசப்பட்டிருப்பதால் சபையும் கையொப்பமிட்டுவிடுகிறது. பசுமை வெளியைப் பேணுவதற்குச் சபைக்குப் பெரிய செலவு இல்லை, வரவும் இல்லை. காந்தி பூங்காவைப் போலப் பார்வைக்கு எடுப்பான இடத்துக்குக் கிடைக்கும் கவனம், வாவியோரக் கண்டலுக்கும் தரவை எனப்படும் பெயரில்லாத திறந்த வெளிக்கும் கிடைக்காது. மாரியில் நீரைப் பிடித்து வைத்து நகரத்தைக் காப்பவை பூங்காக்களை விட அவைதான் என்பது என் கருத்து.

இனி பஸ். வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய பாலங்களே இரு கரைகளையும் இணைக்கும் பிரதான வழிகள். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை அங்கே மக்கள் வாவியைக் கடக்கப் பாதைப் படகை நம்பியிருந்தார்கள். பாலம் வந்ததும் தூரம் குறைந்தது உண்மை. அதன் முழுப் பயனை அடைந்தவர்கள் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள். கிராமத்து வழித்தடத்தில் காலையில் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகும் ஓட்டமும், பிற்பகல் திரும்பும் ஓட்டமும் நிறையும்; இடைப்பட்ட ஓட்டங்களிலும் இரவு ஓட்டத்திலும் டீசல் செலவுகூடத் தேறாது. ஆகவே தனியார் உரிமையாளர் முதலில் கைவிடுவது கடைசி ஓட்டத்தை. ஒரு கிராமத்துக்கு மிக முக்கியமானதும் அந்த ஓட்டமே. கடைசி பஸ் மாலையிலேயே புறப்பட்டுவிட்டால், அதற்குப் பின் முடியும் வகுப்பு, கடை வேலை, வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்கும் நேரம் எல்லாமே அந்த ஊருக்கு மூடப்படுகின்றன. பொழுது சாய்ந்ததும் யானை இறங்கும் வீதிகளில் சைக்கிளில் போ என்று யாரிடமும் சொல்ல முடியாது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: உன்னிச்சைக் குளத்து நீர் குழாய் வழியே நகரத்துக்குத் தவறாமல் வந்து சேர்கிறது, அந்தப் பக்கத்து மனிதர் வந்து சேர்வதற்கான ஏற்பாட்டில் அந்த ஒழுங்கு இல்லை.

இந்தத் தெரிவின் பலவீனம் அதிகாரம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழித்தட அனுமதி வழங்குவது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸை எங்கே விடுவது என்று தீர்மானிப்பது அதன் சாலையும் (டிப்போ) மேலிடமும். பிரதேச சபையின் பங்கு தரிப்பிடம், நிலையம், உள்வீதி என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்த அதிகார சபைக்கு மேலே இருக்க வேண்டிய கிழக்கு மாகாண சபையும் 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. எனவே பஸ் பற்றிய தீர்மானம் கடிதமாகிப் போய், கடிதமாகத் திரும்பி வருகிறது. வீதி கிரவலாகக் கிடக்கிறது, பஸ் விட முடியாது என்று ஒரு தரப்பு சொல்ல, பஸ்ஸே ஓடாத வீதிக்குக் கார்பட் எதற்கு என்று மறுதரப்பு கேட்பதும் நடக்கிறது.

மூன்றையும் அருகருகே வைத்தால், என்னைப் பொறுத்தவரை அளவுகோல் ஒன்றுதான்: தவறிப்போனால் எதை மீளப் பெறலாம்? பயணிகள் வராத பஸ் ஓட்டத்தை ஆறு மாதத்தில் நிறுத்தலாம், நேரத்தை மாற்றலாம், வேறு ஊருக்கு விடலாம். நிரப்பிய வயலை மீண்டும் வயலாக்க முடியாது. அதில் குடியிருத்திய குடும்பத்தை எழுப்பவும் முடியாது, எழுப்பவும் கூடாது. செலவிலும் இதே வித்தியாசம். வீடமைப்பு ஒரு தடவைச் செலவு போலத் தோன்றினாலும், வடிகான், ஒழுங்கை, குப்பை, தெருவிளக்கு என்று சபையை ஆண்டுதோறும் தொடரும். பஸ்ஸுக்கான மானியமும் ஆண்டுதோறும் வேண்டும்தான். ஆனால் அதற்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கெமி சரிய என்ற கிராமிய பஸ் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, முழுச் சுமையும் சபையின் தலையில் விழ வேண்டியதில்லை. எழுவான்கரையிலேயே பிறந்து இடமில்லாமல் நெருக்கப்படும் குடும்பங்களின் தேவையைப் பஸ் தீர்க்காது என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது பஸ் வழியில் உள்ள மேட்டுக்காணியில் மாடியாகக் கட்டும் வீடுகளே. மண்ணில் கால் பதியாத வீட்டை வீடென்று ஏற்க நம்மவர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தோடு பேசிப் பார்க்கும் பொறுப்பும் சபைக்கு உண்டு.

ஆகவே நான் பஸ்ஸை முதலில் வைக்கிறேன், தாழ்நிலத் தடையை அதனோடு சேர்த்து வைக்கிறேன், புதிய துண்டாடலைக் கடைசியில் வைக்கிறேன். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி ஆகிய மூன்று பிரதேச சபைகளும் தனித்தனியே கடிதம் எழுதுவதை நிறுத்தி, எந்த ஊரிலிருந்து எந்த நேரத்துக்கு எத்தனை மாணவரும் தொழிலாளரும் பயணிக்கிறார்கள் என்ற விபரத்தைக் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகத் திரட்டி, ஒரே நேர அட்டவணையாக மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கும் இ.போ.ச. சாலைக்கும் கொடுக்கலாம். அதில் முதல் வரியாக இருக்க வேண்டியது மாலை வகுப்புகள் முடிந்த பிறகு நகரிலிருந்து மண்முனைப் பாலம் வழியாகப் புறப்படும் ஒரு பஸ். மாநகர சபை அதே மாதத்தில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஒவ்வொரு துண்டாடல் விண்ணப்பத்திலும் அந்த 32 பேர்ச் எங்கே இருக்கிறது என்பதை உறுப்பினர்கள் மாரிக்காலத்தில் நேரில் நின்று பார்த்த பிறகே அங்கீகரிப்பது என்று முடிவெடுக்கலாம். அதற்கு எந்த மேலிடத்தின் அனுமதியும் தேவையில்லை.