பேர்ப்பிள் கொமெட்டா, ஹைஎம்சிஎம்மா: வன்னிப் பாடசாலைக்கு எது தோது?

உயர்தர மாணவர்கள் அணியாகச் சேர்ந்து இணையவழியில் மோதக்கூடிய கணிதப் போட்டிகளில் பேர்ப்பிள் கொமெட் (Purple Comet), ஹைஎம்சிஎம் (HiMCM) ஆகிய இரண்டும் நமக்கு எட்டக்கூடியவை. தேடினால் எம்3 சலெஞ்ச் என்றும் ஒன்று வரும். அது அமெரிக்கா, இங்கிலாந்து, வேல்ஸ் பிள்ளைகளுக்குத்தான்; விட்டுவிடுங்கள்.

பேர்ப்பிள் கொமெட் 2003 முதல் நடக்கிறது, கட்டணம் இல்லை. அணிக்கு ஆறு பேர் வரை, 30 வினா, 90 நிமிடம். வெவ்வேறு பாடசாலைப் பிள்ளைகளும் கலப்பு அணியாகச் சேரலாம், கணிதப் பிரிவில் நாலைந்து பேரே உள்ள பாடசாலைக்கு இது பெரிய ஆறுதல். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் சமாளிக்கலாம்: வினாத்தாளை இறக்கி அச்செடுக்கவும் விடைகளை ஏற்றவும்தான் இணையம் வேண்டும். போட்டி ஏப்ரலில் என்பதால் சித்திரை விடுமுறையில் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டி வரலாம். அதற்குப் பொறுப்பாசிரியரின் மனசு வேண்டும்.

விடை எப்போதும் முழு எண். பின்னம் வந்தால் சுருக்கி, தொகுதியையும் பகுதியையும் கூட்டச் சொல்வார்கள். 3/8 என்றால் 11. அவசரத்தில் 6/16 என்று நிறுத்தி 22 எழுதினால், வழி சரி, புள்ளி பூச்சியம். ஆகவே ஒருவரைச் சரிபார்க்கவே வைத்திருங்கள். சாதாரண தரத்தில் படித்த வட்டத் தேற்றங்கள் நன்றாகக் கைகொடுக்கும்; எண் கோட்பாட்டைத்தான் புதிதாகப் படிக்க வேண்டும்.

ஹைஎம்சிஎம் வேறு ரகம். நவம்பரில், நான்கு பேர் வரை, இரண்டு வாரம். ஒரு நடைமுறைப் பிரச்சினைக்குக் கணித மாதிரி அமைத்து அறிக்கை எழுத வேண்டும். இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீருக்குச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, ஏறக்குறைய அந்த யோசனைதான். எங்கள் பிள்ளைகளுக்கு அது வரும். ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில், கட்டணம் டொலரில். போதாததற்கு நவம்பர் மழை, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. உயர்தரப் பரீட்சையும் 2024 இலும் 2025 இலும் அதே மாதம்தான் தொடங்கியது. அப்புறம் யார் எழுதுவது?

என் தெரிவு பேர்ப்பிள் கொமெட். ஆங்கிலத்தில் தயங்காமல் எழுதும் உயர்தர முதலாம் வருட அணி ஒன்று கிடைத்தால் மட்டும் மற்றதை யோசிக்கலாம். பேர்ப்பிள் கொமெட்டின் பழைய வினாத்தாள்கள் விடைகளோடு அவர்களின் தளத்திலேயே இலவசமாகக் கிடக்கின்றன. தைப்பொங்கல் முடிந்ததும் கிழமைக்கு ஒன்றாகச் செய்யத் தொடங்கினால் ஏப்ரலுக்குச் சரியாக இருக்கும்.