ஓல்ஃபா பி-800: அக்ரிலிக் தகட்டை நேராக வெட்டும் கத்தி

அக்ரிலிக் தகட்டை வீட்டிலேயே வெட்ட வேண்டும் என்றதும் பலரும் ஜிக்சாவையோ ஆங்கிள் கிரைண்டரையோ தேடுகிறார்கள். 3 மி.மீ. தடிமன் வரையுள்ள தகட்டில் நேர்கோட்டு வெட்டு மட்டும் போதுமென்றால் இரண்டும் வேண்டியதில்லை. வேகமாக ஓடும் பற்கள் உண்டாக்கும் சூட்டில் அக்ரிலிக் இளகி, வெட்டிய தடம் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஏறத்தாழ 105 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருள் இது. சூடே இல்லாமல் வேலையை முடிக்கக் கீறி உடைக்கும் முறை இருக்கிறது. அதற்கென்றே ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் செய்யும் பி-800 கத்தியை, ரெக்கார்டு பிளேயருக்கு ஒரு தூசி மூடி செய்வதற்காக வாங்கினேன். மேல் தகடு ஒன்று, பக்கத் தகடுகள் நான்கு, பின்புறக் கீல்களுக்குத் துளைகள் என்று வெட்டு, துளை, மெருகு மூன்றும் அந்த மூடியில் அடங்கியிருந்ததால், கத்தியை எடைபோட அது பொருத்தமான வேலையாக அமைந்தது.

1956இல் ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் அலகைக் கண்டுபிடித்த யோஷியோ ஒகாடாவின் வழியில் வந்த நிறுவனம் என்றாலும், இந்தக் கத்தியில் அந்த அலகு இல்லை. இதிலுள்ளது கொக்கிபோல் வளைந்த, தடித்த எஃகு அலகு. சாதாரணக் கத்தி அக்ரிலிக்கின் மேல் ஒரு கோட்டை மட்டும் போட்டுவிட்டு வழுக்கிச் செல்லும். இந்தக் கொக்கியோ நம்மை நோக்கி இழுக்கும்போது சுருள் சுருளாகப் பொருளைச் சீவி எடுத்து, வாய் அகன்று அடி குறுகிய ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. முதல் இரண்டு இழுப்புகளை எஃகு அளவுகோலை ஒட்டி மிக மென்மையாக இழுக்க வேண்டும். பள்ளம் பிடிபட்டுவிட்டால் அதுவே அலகுக்கு வழிகாட்டிவிடும். பிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வந்ததும், பள்ளம் மேலே பார்த்திருக்க, அதை மேசை விளிம்புக்கு நேராக வைத்து, ஒரு பலகையால் முழு நீளத்துக்கும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் பகுதியை ஒரே வீச்சில் கீழ்நோக்கி அழுத்தினால் தகடு நேராக உடைகிறது. பாதுகாப்புக்காக ஒட்டிவரும் தாளை எல்லா வேலையும் முடியும்வரை உரிக்காமல் இருப்பது நல்லது.

இதே வேலையை நம் ஊர்ப் பெயர்ப்பலகைக் கலைஞர்கள் உடைந்த ஹேக்சா பிளேடைச் சாணையில் கொக்கியாகத் தீட்டிச் செய்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாகத் தீட்டத் தெரிந்த கையில் அந்தப் பிளேடு எந்த விலையுயர்ந்த கத்திக்கும் இளைத்ததல்ல. பி-800இன் கூடுதல் மதிப்பு அதன் கைப்பிடியில் இருக்கிறது. நீண்ட நேரம் இழுத்தாலும் உள்ளங்கை வலிப்பதில்லை, அலகு ஆடுவதில்லை, ஒவ்வொரு இழுப்பும் அதே கோணத்தில் விழுகிறது. இந்தச் சீர்மைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

அதன் எல்லைகளும் தெளிவானவை. 5 மி.மீ. தகட்டை இரு பக்கமும் கீறி உடைக்கலாம் என்றாலும் அது தோள்பட்டைக்கு வேலை. அதற்கு மேற்பட்ட தடிமனுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய பட்டைகளை உடைப்பது கடினம், ஏனெனில் கை பிடித்து அழுத்துவதற்கு இடம் இருக்காது. வளைகோடுகளுக்கு இது உதவாது. பாலிகார்பனேட் தகட்டை அக்ரிலிக் என்று எண்ணி இதில் கீறினால், அது உடையாமல் வளைந்துதான் கொடுக்கும்.

கத்தியின் விளம்பரப் படங்களில் தகடு உடைந்ததோடு கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் வேலையின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது, ஏனெனில் கீறி உடைத்த விளிம்பு முழுச் சதுரமாக இருப்பதில்லை. பள்ளத்தின் ஒரு பாதிச் சரிவு விளிம்பின் மேல்பகுதியில் தங்கிவிடுகிறது. சட்டத்துக்குள் செருகும் தகடு என்றால் அது கண்ணில் படாது; மூடிபோல் விளிம்போடு தகடு சேர்த்து ஒட்டும் வேலையில் அந்தச் சரிவு ஒரு இடைவெளியாக நின்றுவிடும். ஆகவே அளவு குறிக்கும்போதே ஒட்டும் பக்கங்களுக்கு ஒரு மி.மீ. கூட்டி வெட்டி, ஹேக்சா பிளேடின் பல்லில்லாத முதுகால் அதை நிமிர்த்திச் சுரண்டி, தட்டையான கட்டையில் சுற்றிய 220ஆம் எண் உப்புத்தாளிலும் பிறகு 400ஆம் எண்ணிலும் தேய்த்து, மூலைமட்டத்தில் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒட்டும் விளிம்பை இதற்கு மேல் மெருகேற்றக் கூடாது. மெருகில் முனை உருண்டுவிட்டால் பிணைப்பு பலவீனமாகும். வெளியே தெரியும் விளிம்புகளை மட்டும் 600, 800, 1200 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பித்தளை மெருகுப் பசையைத் துணியில் தொட்டு உரசினால், பால்போல் மங்கியிருந்த ஓரம் மெல்லத் தெளிகிறது. நெருப்புச் சுடரைக் காட்டி நொடியில் மெருகேற்றும் வழியும் உண்டு. ஆனால் அந்தச் சூடு விளிம்பில் இறுக்கத்தை ஏற்றிவைக்கிறது; பின்னர் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான் பசை பட்டால் அங்கே நுண்ணிய விரிசல்கள் பரவும். பொறுமையுள்ளவருக்கு உப்புத்தாளே நல்லது. அந்தக் கரைப்பானைக் கையாளும்போது சன்னல்கள் திறந்திருக்கட்டும். அதன் ஆவி உடலுக்குக் கேடு.

துளையிடுவதில் பி-800க்குப் பங்கில்லை என்றாலும், இதை வாங்குகிறவர் அடுத்துச் சந்திக்கப்போவது அதைத்தான். உலோகத்துக்கான புதிய டிரில் பிட்டின் கூரிய முனை அக்ரிலிக்கைச் சீவாமல் கவ்வி இழுக்கும். பிட் மறுபுறம் வெளிவரும் கணத்தில்தான் பெரும்பாலும் தகடு பிளக்கிறது. பிட்டின் வெட்டுமுனைகளைத் தீட்டுக்கல்லில் லேசாக உரசி மழுக்குவது விசித்திரமாகத் தோன்றினாலும் அதுவே சரியான முறை; மெல்லிய தகட்டுக்குப் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் இன்னும் பாதுகாப்பானது. அடியில் ஒட்டுப்பலகையை வைத்து இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டு, குறைந்த வேகத்தில், முடியும் தறுவாயில் அழுத்தத்தைத் தளர்த்தித் துளைக்க வேண்டும். சுத்தியலும், துளையிடும் இடத்தைத் தட்டிக் குழியிடும் சென்டர் பஞ்சும் பக்கத்திலேயே வரக் கூடாது. துளை திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்: ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் 10 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறத்தாழ 0.7 மி.மீ. நீளும் அல்லது சுருங்கும் என்பதால், இறுக்கமான துளை மாசி, பங்குனியில் தாங்கினாலும் சித்திரை வெயிலில் விரிசல் விடலாம். தலை உட்காரும்படி கூம்பாகக் குடைந்து பொருத்தும் திருகாணிகளைத் தவிர்த்து, தட்டைத் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் வைப்பது மேல்.

லேசர் வெட்டும் கடைக்கே கொடுத்துவிடலாமே என்று கேட்பது நியாயமே. வளைவுகளும் நிறையத் துளைகளும் இருந்தால் நானும் அங்கேதான் செல்வேன்; கார்பன் டைஆக்சைடு லேசர் வெட்டிய ஓரம் தானாகவே பளபளக்கிறது. அந்தப் பளபளப்பும் சூட்டில் பிறந்ததுதான் என்பதை நினைவில் வைத்து, அந்த ஓரத்தை ஆல்கஹால் கலந்த துடைப்பானால் துடைக்காமல் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செவ்வகங்கள் மட்டும் வேண்டுமென்றால், கடைக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் இந்தக் கத்தி வேலையை முடித்துவிடும்.

வாங்குகிறவர்கள் பிபி-800 என்ற உதிரி அலகையும் சேர்த்தே வாங்கிவிடலாம். சீவல் சுருளாக வராமல் தூளாக உதிரத் தொடங்கினால் அலகு மழுங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் அழுத்தி இழுத்தால் கொக்கி பள்ளத்திலிருந்து துள்ளி, தகட்டின் நல்ல முகத்தில் நீளமான ஒரு கோட்டை இழுத்துவிடும்.